நிலம் நடுங்குகிறதா, அதிர்கிறதா?

அவையில் உள்ள பெரியோர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல், சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் 8.6 அளவில் பூமி குலுங்கியது. சென்னையில் மாடி அலுவலகங்களில் இருந்தவர்கள் படிக்கட்டில் இறங்கித் தெருவுக்கு ஓடினார்கள். "பில்டிங் ஆடுது" என்பதுதான் வாயில் வந்திருக்கும். மறுநாள் பேப்பரில்தான் அது நிலநடுக்கம்.

இதற்கு நம்மிடம் பூகம்பம், நிலநடுக்கம், நில அதிர்வு என்று மூன்று சொற்கள். பூகம்பம் வடசொல். பூ என்றால் பூமி, கம்பம் என்றால் நடுக்கம். சங்கீதம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். சுரத்தை அசைத்துப் பாடும் ஒரு கமகத்துக்குக் கம்பிதம் என்றே பெயர். இராவணன் படையிலிருந்த அகம்பனின் பெயருக்கு நடுங்காதவன் என்று பொருள். சரி, அப்படியானால் விளக்குக் கம்பம்? அது நடுங்கினால் லைன்மேனைத்தான் கூப்பிட வேண்டும்! தூணைக் குறிக்கும் 'ஸ்கம்பம்' என்ற வேறொரு சொல்லின் வழியில் வந்தது அது. தமிழுக்கு வந்த பிறகு அசையாமல் நிற்பதும் கம்பம், அசைவதும் கம்பம் என்றாகிவிட்டது.

நிலநடுக்கம் நம்முடைய 'நடுங்கு' என்ற வினையில் பிறந்தது. நிலநடுக்கோட்டுக்கும் இதற்கும் சொந்தமில்லை, அந்த நடு மத்தி. 'அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கஞ் செய்யும்' என்கிறது தொல்காப்பிய உரியியல். 'அதிர வருவதோர் நோய்' என்ற குறளுக்கும் பரிமேலழகர் 'நடுங்க' என்றுதான் பொருள் சொல்கிறார். ஆக, அவர்களுக்கு அதிர்வதும் நடுங்குவதும் ஒன்றே.

நாம்தான் பிரித்துவிட்டோம். வீட்டில் பாத்திரம் உருண்டால் 'லேசான நில அதிர்வு'. சுவர் இடிந்தால் நிலநடுக்கம். பூகம்பம் மெல்ல அரசியல் பக்கம் குடிபோய்விட்டது. கட்சி உடையும் போதெல்லாம் 'அரசியல் பூகம்பம்' என்று தலைப்பு வருகிறது. 'அரசியல் நிலநடுக்கம்' என்று யாரும் எழுதுவதில்லை. இதில் எனக்கு வருத்தமில்லை. நிலநடுக்கம் என்ற சொல் மிகைப்பேச்சில் தேயாமல், 2 அளவுக்கும் 9 அளவுக்கும் பொதுவாக, அறிவியலுக்குக் கிடைத்திருக்கிறது.

ஆனால் சிறியதென்றால் அதிர்வு என்று எழுதுவது சரியாகப் படவில்லை. கல்குவாரியில் வெடி வைத்தாலும் நிலம் அதிரும், சரக்கு ரயில் போனாலும் அதிரும். பூமிக்குள் பாறை பிளவு வழியே நழுவுவதால் வரும் நடுக்கத்துக்குத் தனிப் பெயர் வேண்டாமா?

அப்புறம் இந்தப் 'பின்னதிர்வு'. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலநடுக்கம். மே 12 அன்று மறுபடியும் 7.3. இந்த இரண்டாவதில் மட்டும் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். முதலாவதின் தொடர்ச்சியாக வந்ததால் இதைப் பின்னதிர்வு என்றுதான் வகைப்படுத்த வேண்டும், வகை சரிதான். என்றாலும் அதிர்வு என்றாலே சிறியது என்று படிப்பவர் நினைத்துவிடலாம். அதனால் செய்தி எழுதுகிற தம்பிகள், தலைப்பில் 7.3 என்ற எண்ணையும் நிலநடுக்கம் என்ற சொல்லையும் போட்டுவிட்டு, பின்னதிர்வு என்பதை உள்ளே விளக்கலாம்.