ஒரே குளக்கட்டில் நின்று வரைந்தவை

(கிளிநொச்சியில் நடந்த நிலக்காட்சி ஓவியக் கண்காட்சியின் தொடக்க நாளில் ஓவியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியர்களே, பெற்றோரே, முன்னால் பாயில் இருக்கிற பிள்ளைகளே, வணக்கம்.

இங்கே தொங்குகிற 40 படங்களில் 26 படங்கள் இரணைமடுக் குளக்கட்டில் நின்று வரைந்தவை. "ஐயா, வேற இடம் கிடைக்கேல்லையோ?" என்று உள்ளே வரும்போது ஒரு பிள்ளை கேட்டது. அதற்கே பதில் சொல்கிறேன்.

மார்கழியில் குளம் நிறைந்து, மிஞ்சின தண்ணீர் வான் பாயும்போது தண்ணீர் பால் விட்ட தேத்தண்ணீர் நிறம். மழை ஓய்ந்தபின் தெளியும். சிறுபோக நெல்லுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டு, ஆவணியில் போய்ப் பாருங்கள்: அலைகரை வெடித்துக் கிடக்கும், பட்ட மரங்களின் வேர் தெரியும், கொப்புகளில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைக்கும். இவ்வளவும் ஒரே கட்டில் நின்று பார்த்தவை. இன்னும் முடியவில்லை.

ஜோன் கொன்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் 1821, 1822 ஆம் ஆண்டுகளில் லண்டனுக்குப் பக்கத்தில் ஹாம்ஸ்டெட்டில் இருந்து மேகங்களையே வரைந்தார். பல படங்களின் பின்புறத்தில் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் எழுதிவைத்தார். அதைப் படித்த நாள் முதல் நானும் எழுதுகிறேன். நம்மிடம் காற்றுக்குப் பெயரே இருக்கிறதே! தென்மேற்கிலிருந்து சோளகம் வீசினால் புழுதி எழும்பித் தூரத்துக் காடு சாம்பல் நீலமாகிவிடும். வடகிழக்குக் காற்றான வாடை கொண்டுவரும் மழை விட்ட கையோடு அதே காடு கறுத்து, கிட்ட வந்து நிற்கும். காற்றைக் கவனியாமல் தூரத்தை வரைய முடியாது.

பிள்ளைகள் எல்லா மரத்துக்கும் மண்ணிறத் தண்டு போடுகிறீர்கள். ஆற்றங்கரை மருது வெளுத்து வழவழப்பாக இருக்கும். பாலையின் பட்டை கறுத்து வெடித்தது. அதன் கட்டையைத் தண்ணீரில் போட்டால் தாழும். அந்தப் பாரம் உங்கள் கோட்டில் தெரியவேண்டும். என் அப்பா தேன் எடுக்கக் காட்டுக்குப் போகிறவர். இருட்டிலும் பட்டையைத் தடவியே பாலையா வீரையா முதிரையா என்று சொல்லுவார். நான் சித்திரம் படித்தது அவருக்குப் பின்னால் நடந்துதான்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. வர்ணம் கிடைக்கவில்லை. விளக்குக்கரியும் அரித்த செம்மண்ணும் விளாம்பிசினில் குழைத்தேன். கறுப்பு வந்தது, சிவப்பு வந்தது, நீலத்துக்கு வழியில்லை. அதனால் அந்தக் காலப் படங்களில் வானம் வெறும் தாள். இடம்பெயர்வில் எல்லாம் போய், மூன்றுதான் மிஞ்சின. வாசலோரம் இருக்கின்றன, போகும்போது நின்று பாருங்கள்.

இது ஐப்பசி. வாடை இன்னும் பிடிக்கவில்லை. நாளை விடிய ஐந்தரைக்குக் குளக்கட்டில் நிற்பேன். வரக்கூடியவர்கள் தாள் கொண்டு வாருங்கள். கரியும் பிசினும் நான் கொண்டு வருகிறேன்.