கொலம்பியா ஓடம் சொல்லும் பதில்: ஸ்டார்லைனர் ஏன் காலியாகத் திரும்பியது?

[திரையில்: இரவு வானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கும் ஸ்டார்லைனர்]

2024 செப்டம்பர் 6, இரவு. போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் விண்கலம் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் பத்திரமாக இறங்கியது. ஆனால் உள்ளே யாரும் இல்லை. அதில் ஏறிப் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் சர்வதேச விண்வெளி நிலையத்திலேயே தங்கிவிட்டார்கள். கலம் நல்லபடியாகத்தானே வந்து சேர்ந்தது, அப்புறம் எதற்காக அவர்களை மேலேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று பலரும் கேட்டார்கள். இந்தக் கேள்விக்கான பதில் 2003ஆம் ஆண்டில் இருக்கிறது.

[திரையில்: கொலம்பியா ஏவுதல், 2003 ஜனவரி 16]

அன்று புளோரிடாவிலிருந்து கொலம்பியா விண்வெளி ஓடம் கிளம்பியது. ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், கல்பனா சாவ்லா, டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், இலான் ரமோன் என்று ஏழு பேர். முழுக்க முழுக்க ஆராய்ச்சிக்கான 16 நாள் பயணம். இரண்டு அணிகளாகப் பிரிந்து, ஒரு அணி தூங்கும்போது இன்னொரு அணி வேலை பார்த்தது. 80க்கும் மேற்பட்ட சோதனைகள்.

கிளம்பி 82 விநாடி ஆவதற்குள் விபத்து நடந்து முடிந்துவிட்டது. அது விபத்து என்று அப்போது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஓடத்தின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் பெரிய ஆரஞ்சு நிறத் தொட்டியில் திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் இருக்கும். அந்தக் கடுங்குளிரில் வெளியே பனிக்கட்டி படியாமல் இருக்கத் தொட்டியின் மேல் ஃபோம் பூசியிருப்பார்கள். அதிலிருந்து ஒரு சூட்கேஸ் அளவுள்ள துண்டு பிய்ந்து, இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. எடை முக்கால் கிலோ இருக்கும். இவ்வளவு லேசான ஃபோம் இறக்கையை எப்படி உடைக்கும்? அது லேசாக இருந்ததுதான் ஆபத்து. பிய்ந்த கணமே காற்று அதன் வேகத்தைப் பிடித்து இழுத்துக் குறைத்துவிட்டது. ஓடமோ வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஆக, துண்டு வந்து மோதியது என்பதைவிட, பின்தங்கிய துண்டின் மேல் ஓடம் போய் மோதியது என்பதே சரி. இரண்டுக்கும் இடையே இருந்த வேக வித்தியாசம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கும் மேல்.

மறுநாளே வீடியோ பதிவில் பொறியாளர்கள் இதைப் பார்த்துவிட்டார்கள். அடி பட்ட இடம் சரியாகத் தெரியவில்லை. அதனால் ராணுவத்தின் உதவியோடு, சுற்றுப்பாதையில் இருக்கும் ஓடத்தைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார்கள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

ஏன்? ஃபோம் விழுவது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது. ஓடங்கள் பறக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் அட்லாண்டிஸ் ஓடம் கிளம்பியபோதும் தொட்டியின் அதே பகுதியிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து, ஓடத்தை மேலே உந்தும் பக்கவாட்டு ராக்கெட்டான பூஸ்டரில் மோதியது. அட்லாண்டிஸ் பத்திரமாகத் திரும்பியது. விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை, இனியும் ஆகாது என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது.

ராட்னி ரோச்சா என்ற நாசா பொறியாளர் மனம் பொறுக்காமல் ஒரு மின்னஞ்சல் எழுதினார். படம் கேட்காமல் விடுவது தவறான முடிவு, கிட்டத்தட்டப் பொறுப்பற்ற முடிவு என்று அதில் இருந்தது. 'பாதுகாப்பாக இல்லை என்றால் சொல்லிவிடு' என்று நாசா வளாகமெங்கும் ஒட்டியிருந்த போஸ்டர்களையும் அதில் நினைவூட்டியிருந்தார். அந்த மின்னஞ்சலை அவர் மேலிடத்துக்கு அனுப்பவில்லை. இந்தக் கதையில் எனக்கு ஆறவே ஆறாத இடம் இதுதான். சொல்லச் சொல்லிச் சுவரெல்லாம் எழுதிவைத்த ஒரு நிறுவனத்தில், சொன்னால் எடுபடும் என்ற நம்பிக்கை ஒரு மூத்த பொறியாளருக்கே இல்லை.

ஜனவரி 23 அன்று விஷயம் கமாண்டர் ஹஸ்பண்டுக்கும் பைலட் மெக்கூலுக்கும் மின்னஞ்சலில் தெரிவிக்கப்பட்டது. அதுவும் எச்சரிக்கையாக இல்லை. பத்திரிகையாளர்கள் கேட்டால் அவர்கள் திகைத்துவிடக் கூடாதே என்பதற்காக. மற்றபடி கவலைப்பட ஒன்றும் இல்லை என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

[திரையில்: 2003 பிப்ரவரி 1, ஹூஸ்டன் கட்டுப்பாட்டு அறை]

பிப்ரவரி 1 காலை. இறங்க வேண்டிய நேரம் 9:16. 8:54க்கு இடது இறக்கையில் நான்கு சென்சார்கள் அடுத்தடுத்துச் செயலிழந்தன. வளிமண்டலத்துக்குள் நுழையும்போது உண்டாகும் கடும் வெப்பம், ஃபோம் போட்ட ஓட்டை வழியாக இறக்கைக்குள் புகுந்து உள்ளிருந்தே உருக்கிக்கொண்டிருந்தது. அப்புறம் இடது பக்க டயர்களின் அழுத்த அளவும் காணாமல் போனது. ஹூஸ்டன் அதைப் பற்றிச் சொன்னதும் ஹஸ்பண்ட் பதில் சொல்லத் தொடங்கினார். 8:59. பாதி வார்த்தையில் தொடர்பு அறுந்தது. சுமார் 60 கிலோமீட்டர் உயரத்தில், டெக்சாஸுக்கு மேலே கொலம்பியா சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள்.

சிதறிய பாகங்களைத் தேடி 25,000க்கும் மேற்பட்டோர் காடு மேடெல்லாம் நடந்தார்கள். கிடைத்தவை சுமார் 84,000 துண்டுகள், ஓடத்தில் 38 சதவீதம். தேடலில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து மேலும் இருவர் இறந்தார்கள். இன்னொன்று, கேட்டால் நம்ப முடியாது: சோதனைக்காகக் கொண்டுபோன நுண்ணிய புழுக்கள் சிதைவுகளுக்குள் உயிரோடு இருந்தன.

ஃபோமால் இறக்கை உடையும் என்பதை விசாரணையின்போதும் சிலர் நம்பவில்லை. ஜூலையில் சான் அன்டோனியோவில் அதே எடையுள்ள ஃபோமை, அதே வேகத்தில், நிஜமான இறக்கைப் பலகை மேல் சுட்டுப் பார்த்தார்கள். 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமில்லை.

தெரிந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அகற்றும் வசதி கொலம்பியாவில் பிப்ரவரி 15 வரை தாங்கியிருக்கும். அட்லாண்டிஸ் ஏற்கெனவே தன் அடுத்த பயணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. இரவு பகலாக உழைத்திருந்தால் பிப்ரவரி 10 வாக்கில் அதை அனுப்பியிருக்கலாம் என்று பிற்பாடு கணக்கிட்டுச் சொன்னார்கள். ரொம்பக் கடினம்தான். ஆனால் முயன்று பார்க்கவாவது ஒரு வழி இருந்தது.

ஹெரால்ட் கெமன் தலைமையிலான விசாரணை வாரியம் ஆகஸ்ட் 26 அன்று அறிக்கை தந்தது. ஃபோமுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நாசாவின் நிர்வாகப் பண்பாட்டுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்று அதில் நேரடியாகவே எழுதினார்கள். பறப்பது பாதுகாப்பு என்று நிர்வாகம் நிரூபிக்க வேண்டிய இடத்தில், பாதுகாப்பில்லை என்று பொறியாளர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. நிரூபிக்க வேண்டிய ஆதாரமே அந்தப் படம். அதைத்தான் கொடுக்கவில்லை. 1986இல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் ஓடம் கிளம்புவதற்கு முந்தைய இரவிலும் இதேதான் நடந்தது. குளிரில் பூஸ்டரின் ரப்பர் வளையம் இறுகிவிடும் என்று எச்சரித்த பொறியாளர்களிடம் ஆதாரம் கேட்டார்கள்.

[திரையில்: விண்வெளி நிலையத்தோடு இணைந்திருக்கும் ஸ்டார்லைனர்]

இப்போது 2024க்கு வருவோம். நிலையத்தை நெருங்கும்போது ஸ்டார்லைனரைத் திருப்பவும் நகர்த்தவும் உதவும் சிறு எஞ்சின்களான த்ரஸ்டர்களில் ஐந்து செயலிழந்தன. அவற்றுக்கு எரிபொருளைத் தள்ளும் ஹீலியமும் கசிந்தது. நான்கு த்ரஸ்டர்கள் மீண்டும் வேலை செய்தன. ஆட்களோடு திரும்பலாம் என்பது போயிங்கின் கருத்து. திரும்பும் வழியில் அவை மறுபடி மக்கர் செய்யாது என்று நாசாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகஸ்ட் 24 அன்று முடிவை அறிவித்த நாசா தலைவர் பில் நெல்சன், முந்தைய தவறுகளால் சேலஞ்சர், கொலம்பியா என்ற இரண்டு ஓடங்களை இழந்ததைக் குறிப்பிட்டார். சேலஞ்சர் வெடிப்பதற்குப் பத்து நாள் முன்புதான் அவர் கொலம்பியாவில் பறந்து திரும்பியிருந்தார். சுனிதாவும் வில்மோரும் 2025 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் கலத்தில் வந்து சேர்ந்தார்கள்.

ஸ்டார்லைனர் பத்திரமாக இறங்கியதால் அந்த முடிவு தவறாகிவிடாது. அட்லாண்டிஸ் பத்திரமாகத் திரும்பியதை வைத்துத்தானே ஃபோமால் ஆபத்தில்லை என்று நினைத்தார்கள்?

இதே கேள்வி நிலாப் பயணத்திலும் வந்து நின்றது. 2022இல் ஆளில்லாமல் நிலாவைச் சுற்றி வந்த ஆர்ட்டெமிஸ் 1 கலத்தின் வெப்பக் கவசத்தில் நூறுக்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய பொருள் பெயர்ந்திருந்தது. உள்ளே உண்டான வாயு வெளியேற வழியில்லாமல் கவசத்தை விரிசல் விடவைத்தது என்று கண்டுபிடித்தார்கள். அடுத்து ஆட்களோடு போகவிருந்த ஆர்ட்டெமிஸ் 2 கலத்தில் கவசத்தை மாற்றாமல், பூமிக்குத் திரும்பும் பாதையை மாற்றுவது என்று 2024 டிசம்பரில் நாசா அறிவித்தது. இதை வெளிப்படையாக எதிர்த்தவர்களில் ஒருவர் சார்லஸ் கமார்டா. வெப்பக் கவசங்களை ஆராய்ந்தவர். கொலம்பியாவுக்குப் பிறகு, 2005இல் கிளம்பிய முதல் ஓடத்தில் பறந்த வீரர்களில் அவரும் ஒருவர்.