ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, அன்போடு அழைத்த செயலாளர் அவர்களே, வரவேற்புரை நல்கிய பொருளாளர் அவர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். ஓர் ஈஸ்ட் செல் அப்படித்தான் வாழ்கிறது. இரண்டு செய்திகள் சொல்ல வந்தேன்: செல்லின் வேதிவினைகளை நடத்தும் நொதியை நிறுத்துவது, மரபணுவை எழுப்புவது.

எட்டாம் வகுப்பில் எங்கள் பள்ளியில் ஒரே ஒரு நுண்ணோக்கி. அதுவும் பூட்டிய அலமாரியில். ஆண்டு முழுவதும் கண்ணாடிக் கதவு வழியாகவே அதைப் பார்த்தோம். ஒருநாள் ஆசிரியர் சாவியோடு வந்தார். சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய ஈஸ்ட், ஒரே சொட்டு. வரிசையில் நாற்பது பேர். எனக்கு முன்னால் நின்றவன் கண்ணை எடுக்கவே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்தோம். என் முறை வந்தபோது முதலில் தெரிந்தது என் இமைமயிர்தான். ஆசிரியர் என் தலையை மெல்ல நகர்த்தினார். முட்டை வடிவில் வெளிறிய செல்கள்; ஒன்றின் தோளில் சின்ன மொட்டு. "பிள்ளை பெறுகிறது, பார்" என்றார். மணி அடித்துவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற பதினொரு பேர் பார்க்கவே இல்லை.

அந்த மொட்டு வளர, புரதங்களைக் கட்டும் செங்கற்களான 20 அமினோ அமிலங்கள் வேண்டும். ஈஸ்ட் அத்தனையையும் தானே தயாரிக்கும். ஐசோலூசினை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் படிப்படியாகத் தயாரிக்கும் பாதையின் முதல் நொதி திரியோனின் டிஅமினேஸ். ஐசோலூசின் போதுமான அளவு சேர்ந்ததும் அதுவே வந்து முதல் நொதியில் ஒட்டிக்கொள்கிறது; நொதியின் வேகம் அடங்குகிறது. கடைசிப் பொருள் முதல் படியையே அடைப்பதால் நடுவில் எதுவும் வீணாகத் தேங்குவதில்லை. வேலின் என்ற இன்னோர் அமினோ அமிலம் பெருகினாலோ அதே நொதி முடுக்கம் பெறுகிறது. பாக்டீரியாவில் இந்தத் தடையை அம்பார்கர் என்ற ஆய்வாளர் 1956இல் கண்டார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு!

பஞ்சம் வந்தால்? டிஆர்என்ஏக்கள்தான் அமினோ அமிலங்களைப் புரதம் கட்டும் இடத்துக்குச் சுமக்கும் மூலக்கூறுகள்; அமினோ அமிலம் ஏறாத வெறும் டிஆர்என்ஏக்கள் பெருகும். ஜிசிஎன்2 என்ற நொதி அதை உணரும். பொதுவான புரத உற்பத்தி குறையும், ஜிசிஎன்4 என்ற புரதம் மட்டும் கூடும். அது அமினோ அமிலப் பாதைகளின் மரபணுக்களை எழுப்பிவிடும்.

இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிவிடலாம். அந்த மொட்டை எழுதிக் காட்ட முடியாது, ஐயா! ஈஸ்ட் அளந்து போடட்டும். பிள்ளைகளுக்கு நுண்ணோக்கியை அளந்து கொடுக்காதீர்கள். பள்ளி அலமாரிகளைத் திறக்கக் கோரும் விண்ணப்பம் வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் அவர்கள் முதல் கையெழுத்தைப் போட வேண்டும். பேனா இதோ.