மறுமுனையில் நின்றவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். கிரிக்கெட் ஜாம்பவான்களைப் பற்றியும் அவர்களுடைய சாதனைகளைப் பற்றியும் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்தோஷமாக வந்துவிட்டேன். ஆனால் நேற்று ராத்திரி உட்கார்ந்து குறிப்பு எழுத ஆரம்பித்தபோது முதல் வரியில் வந்து நின்றது பிராட்மேனும் இல்லை, சச்சினும் இல்லை. கோர்ட்னி வால்ஷ் எடுத்த ஒரு பூஜ்யம்தான் வந்து நின்றது.

1999 மார்ச் 30, பார்படாஸில் இருக்கும் பிரிட்ஜ்டவுன் மைதானம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மேற்கிந்தியத் தீவுகள் ஜெயிக்க 308 ரன் வேண்டும். 105 ரன்னுக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. களத்தில் கேப்டன் பிரையன் லாரா இருக்கிறார், எதிரே மெக்ராத், கில்லெஸ்பி, வார்னே, மெக்கில் என்று ஒரு படையே நிற்கிறது. ஜிம்மி ஆடம்ஸ் ஒரு பக்கம் விக்கெட்டைக் காத்துக்கொண்டு 38 ரன் எடுக்க, இரண்டு பேருமாக 133 ரன் சேர்த்தார்கள். ஆடம்ஸ் போனதும் மறுபடியும் சரிவு, 248-க்கு எட்டு விக்கெட். அப்புறம் வந்தவர் ஆம்ப்ரோஸ். பந்துவீச்சில் எதிராளியை நடுங்க வைத்த அந்த நெட்டை மனிதர் அன்றைக்கு மட்டையோடு வந்து 39 பந்துகளைத் தாங்கி 12 ரன் எடுத்தார். அவரும் ஆட்டமிழந்தபோது இன்னும் 6 ரன் வேண்டும், கையில் இருந்தது ஒரே ஒரு விக்கெட்.

வந்தார் வால்ஷ். டெஸ்ட் வாழ்க்கையில் மொத்தம் 43 முறை ரன் எடுக்காமல் ஆட்டமிழந்தவர் அவர், அந்த விஷயத்தில் உலக சாதனையே அவர் பேரில்தான் இருக்கிறது. அன்றைக்கு அவருக்கு ஐந்து பந்துகள் வந்தன. ஐந்திலும் அவர் ஆட்டமிழக்கவில்லை. கடைசியில் கில்லெஸ்பி வீசிய பந்தை லாரா கவர் திசையில் நான்குக்கு விரட்ட, ஆட்டம் முடிந்தது. ஸ்கோர்கார்டில் லாரா 153, ஆட்டமிழக்கவில்லை. அதற்குக் கீழே வால்ஷ் 0, அவரும் ஆட்டமிழக்கவில்லை. அதே ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவின் இரண்டாவது இன்னிங்ஸில் 39 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து, அவர்களை 146-க்குச் சுருட்டி, 308 என்ற எட்டக்கூடிய இலக்கையே உண்டாக்கிக் கொடுத்தவரும் இந்த வால்ஷ்தான். அந்த ஐந்து பந்தில் ஒன்று ஸ்டம்பில் பட்டிருந்தால் லாராவின் அந்த ஆட்டத்தை இன்றைக்கு இப்படியா பேசிக்கொண்டிருப்போம்?

நான் பல வருடம் சின்னச் சின்னப் போட்டிகளுக்கு ஸ்கோர் எழுதியவன். ஸ்கோர் நோட்டில் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளியோ எண்ணோ வைத்துக்கொண்டே வரும்போது நன்றாகத் தெரியும், ஒரு ஆள் சதம் அடிக்கிற நேரம் முழுக்க மறுமுனையில் இன்னொரு ஆள் நின்றுகொண்டே இருக்கிறார். ஆனால் சாதனை என்று அச்சாகும்போது ஒரு பெயர்தான் வருகிறது. அதனால் இன்றைக்கு எனக்குக் கிடைத்த இந்த நேரத்தில் பெரிய பெயர்களைச் சொல்லும்போதெல்லாம் பக்கத்தில் நின்றவர் பெயரையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

சரி, பிராட்மேனுக்கு வருவோம். 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ், 6996 ரன், 29 சதம், சராசரி 99.94. இந்த எண் கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் மனப்பாடம். 1948 ஆகஸ்ட் 14, லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட், நான்கு ரன் எடுத்தால் சராசரி நூறு என்ற நிலை, எரிக் ஹோலிஸ் வீசிய கூக்ளியில், அதாவது எதிர்பார்த்ததற்கு எதிர்த்திசையில் திரும்பும் சுழல்பந்தில், இரண்டாவது பந்திலேயே போல்டு. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 52 ரன்னுக்குச் சுருண்டிருந்தது, ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வெற்றியே பெற்றுவிட்டதால் அவருக்கு இரண்டாவது வாய்ப்பும் கிடைக்கவில்லை. இவ்வளவும் தெரிந்த கதை. அந்தப் பந்தை மறுமுனையில் நின்று பார்த்தவர் யார்? ஆர்தர் மாரிஸ், இடது கை தொடக்க ஆட்டக்காரர். அன்று ஆட ஆரம்பித்த அந்த இன்னிங்ஸில் அவர் 196 ரன் எடுத்து ரன் அவுட் ஆனார். அந்தத் தொடர் முழுவதிலும் அதிக ரன் எடுத்தவரும் அவர்தான், 696 ரன். ஓவல் 1948 என்றாலே ஒரு பூஜ்யம் ஞாபகம் வருகிறது, 196 யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எனக்கு இது ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கிறது.

அந்த நான்கு ரன்னுக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஓவலுக்கு முந்தைய டெஸ்ட் லீட்ஸில் நடந்தது. கடைசி நாளில் 404 ரன் எடுத்தால் வெற்றி என்ற இலக்கு, அந்தக் காலத்தில் டெஸ்டில் யாரும் அவ்வளவு பெரிய இலக்கை எட்டியதே கிடையாது. மாரிஸ் 182, பிராட்மேன் ஆட்டமிழக்காமல் 173, இரண்டு பேரும் சேர்ந்து 301. வெற்றிக்கான கடைசி அடி மட்டும் பிராட்மேன் அடித்ததில்லை. 19 வயதுப் பையன் நீல் ஹார்வி வந்து ஒரு பவுண்டரி அடித்து முடித்துவிட்டார், அவர் கணக்கில் ஆட்டமிழக்காமல் நான்கு ரன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நான்கு ரன் மறுமுனையில் இருந்த பிராட்மேன் மட்டையிலிருந்து வந்திருந்தால் மொத்தம் 7000, ஆட்டமிழந்தது 70 முறை, சராசரி சரியாக நூறு! ஆனால் பாவம், அன்றைக்கு அந்தப் பையனுக்கு இது எப்படித் தெரியும்? ஓவலில் ஒரு பூஜ்யம் வரப் போகிறது என்று யாருக்குமே தெரியாதே. அணி ஜெயிக்க வேண்டும், அடிக்கக்கூடிய பந்து வந்தது, அடித்தார். முதல் இன்னிங்ஸில் சதம் போட்டு அணியைத் தூக்கி நிறுத்தியதும் அதே பையன்தான்.

பந்துவீச்சாளர்கள் கதை இன்னும் உருக்கமானது. 1956-ல் மான்செஸ்டர் டெஸ்டில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஜிம் லேக்கர் முதல் இன்னிங்ஸில் 9, இரண்டாவதில் 10, ஆக மொத்தம் 90 ரன்னுக்கு 19 விக்கெட். இருபதில் பத்தொன்பது! மிச்சமிருந்த அந்த ஒரே விக்கெட்டை எடுத்தவர் டோனி லாக். சர்ரே அணியில் லேக்கரோடு ஜோடியாக வீசியவர், இடது கை சுழல். அதே ஆடுகளம், அதே பந்து, அதே மட்டையாளர்கள். லாக் அந்த டெஸ்டில் 69 ஓவர் வீசினார். இரண்டாவது இன்னிங்ஸில் மட்டும் 55 ஓவர், அதில் 30 மெய்டன், விக்கெட் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கம் லேக்கர் விக்கெட்டாக அள்ள அள்ள, இந்தப் பக்கம் லாக் ஆத்திரத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனார். சுழல் எடுக்கிற ஆடுகளத்தில் நிதானமாக, காற்றில் தூக்கி வீசினால்தான் பந்து வேலை செய்யும். வேகம் கூடினால் மட்டையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஆனாலும் 30 மெய்டன் என்றால் என்ன அர்த்தம்? ஒரு பக்கம் ரன்னே வராமல் அடைத்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். இதே 1956-ல் லாக்கும் கென்ட் அணிக்கு எதிராக ஒரு இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் எடுத்தவர்தான். அது கவுன்டி ஆட்டம் என்பதால் பேச்சில் வருவதில்லை.

கும்ப்ளேயின் பத்து விக்கெட் நம் எல்லோருக்கும் தெரியும். 1999 பிப்ரவரி 7, டெல்லி கோட்லா மைதானம், பாகிஸ்தான் விக்கெட் இழப்பின்றி 101 ரன், அப்புறம் 207-க்கு ஆல் அவுட், கும்ப்ளே 74 ரன்னுக்கு 10. ஒன்பது விழுந்த பிறகு மறுமுனையில் ஸ்ரீநாத் பந்தை ஸ்டம்புக்கு வெகு வெளியே வீசினார், தப்பித்தவறிக்கூடத் தனக்கு ஒரு விக்கெட் கிடைத்துவிடக் கூடாது என்று. வாழ்நாளெல்லாம் ஸ்டம்பைக் குறி வைத்து ஓடி வந்த ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு வேண்டுமென்றே விலக்கி வீசுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் வாசிம் அக்ரம் கொடுத்த கேட்சை லக்ஷ்மண் பிடித்தார்.

இதற்கு நேர் எதிராக ஒன்று இலங்கையில் நடந்தது. 2001 டிசம்பரில் கொழும்பில் ஜிம்பாப்வேயோடு ஒரு நாள் ஆட்டம். சமிந்த வாஸ் முதல் எட்டு விக்கெட்டையும் வரிசையாக எடுத்துவிட்டார், 19 ரன்னுக்கு 8, அதில் ஒரு ஹாட்ரிக்கும் உண்டு. பத்தும் அவருக்கே கிடைக்குமோ என்று எல்லோரும் பார்த்திருக்க, முரளிதரன் பந்தை வாங்கி மிச்சம் இருந்த இரண்டையும் எடுத்துவிட்டார். ஜிம்பாப்வே 38-க்கு ஆல் அவுட். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2002 ஜனவரியில் கண்டியில் அதே ஜிம்பாப்வேயோடு டெஸ்ட். இந்த முறை முரளி 51 ரன்னுக்கு 9. பத்தாவதாக விழ வேண்டிய ஒரு கேட்ச், மட்டையாளருக்கு மிக அருகில் நிற்கும் ஷார்ட் லெக்கில் நழுவிப் போனது. அப்புறம் அந்தக் கடைசி விக்கெட்டை எடுத்தது யார் தெரியுமா? வாஸ். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பத்தைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பந்து கையில் வந்தால் விக்கெட் எடுப்பதுதான் வேலை என்று இருந்தார்கள், அவ்வளவுதான். அந்த ஜோடிதான் வருடக்கணக்கில் இலங்கையைத் தூக்கிச் சுமந்தது.

முரளி டெஸ்டில் எடுத்த 800 விக்கெட்டுக்குள் இன்னொருவர் பங்கும் இருக்கிறது. மஹேல ஜயவர்தன, விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்கும் முதல் ஸ்லிப். முரளி பந்தில் டெஸ்டில் அவர் பிடித்த கேட்சுகள் மட்டும் 77. கிட்டத்தட்ட பத்துக்கு ஒன்று. 2010 ஜூலையில் காலேயில் கடைசி டெஸ்டுக்கு வந்தபோது முரளி கையில் 792 இருந்தது. இந்தியாவின் ஒன்பதாவது விக்கெட் லக்ஷ்மண், ரன் அவுட். அப்போது முரளி கணக்கு 799. இஷாந்த் சர்மாவும் பிரக்யான் ஓஜாவும் அசையாமல் நின்றுவிட்டார்கள். ஓவர் மேல் ஓவராக வீசிக்கொண்டே இருந்தார் முரளி. கடைசியில் ஓஜா மட்டையின் விளிம்பில் பட்ட பந்து ஸ்லிப்புக்குப் போனது. அங்கே நின்றவர் மஹேல. வேறு யார் கைக்கும் அது போயிருக்கக் கூடாது என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

சச்சினைச் சொல்லாமல் போனால் நேயர்கள் கோபித்துக்கொள்வீர்கள். 2010 பிப்ரவரி 24, குவாலியர், ஆண்கள் ஒரு நாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதம். கடைசி ஓவர்களில் மறுமுனையில் தோனி 35 பந்தில் 68 விளாசிக்கொண்டிருக்க, சச்சினுக்குப் பந்து கொடுக்கச் சொல்லி அரங்கமே தவித்தது. எனக்கும் அப்போது தவிப்புதான். பின்னால் யோசிக்கும்போது தோனி செய்தது சரி என்றே படுகிறது, ஆட்டத்தை ஜெயிக்கத்தானே வந்திருக்கிறார்கள்.

மிதாலி ராஜையும் சொல்ல வேண்டும். 2002-ல் இங்கிலாந்தின் டாண்டன் மைதானத்தில், 19 வயதில், டெஸ்டில் 214 ரன், அன்றைய உலக சாதனை. அந்த இன்னிங்ஸில் ஏழாவது விக்கெட்டுக்கு அவரோடு நின்று 157 ரன் சேர்த்தவர் ஜூலன் கோஸ்வாமி, தன் பங்குக்கு 62. பிற்காலத்தில் ஒரு நாள் ஆட்டங்களில் மிதாலி 7805 ரன் எடுத்தார், ஜூலன் 255 விக்கெட் எடுத்தார். இரண்டு பெரிய வாழ்க்கைகள் தொடக்கத்திலேயே ஒரே ஆடுகளத்தில் எதிரெதிரே நின்றிருக்கின்றன. அந்த ஸ்கோர்கார்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

கடைசியாக மறுபடியும் லாராவிடமே வருகிறேன். 1994 ஏப்ரல், ஆன்டிகுவா. டெஸ்டில் ஒரு இன்னிங்ஸில் ஒருவர் எடுத்த அதிக ரன் என்ற சாதனையாக, சோபர்ஸ் 1958-ல் எடுத்த 365 முப்பத்தாறு வருடமாக அசையாமல் இருந்தது. கிறிஸ் லூயிஸ் வீசிய ஷார்ட் பந்தை லாரா புல் செய்தபோது கால் ஸ்டம்பில் உரசி, அதன் மேல் இருக்கும் சின்னக் கட்டையான பெயில் லேசாக அசைந்தது, ஆனால் விழவில்லை. பந்து பவுண்டரிக்குப் போனது, சாதனை உடைந்தது, சோபர்ஸே மைதானத்துக்குள் வந்து கட்டிக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் ஒதுங்கி நின்ற மறுமுனை ஆட்டக்காரருக்கு வயது 19, முதல் தொடரில் ஆடிக்கொண்டிருந்தார். ஷிவ்நாராயண் சந்தர்பால். லாரா 375-ல் ஆட்டமிழந்தார், சந்தர்பால் ஆட்டமிழக்காமல் 75. இரண்டு பேருமாகச் சேர்த்தது 219.

அதன் பிறகு அந்தப் பையன் 21 வருடம் ஆடினார். இரண்டு கண்ணும் பந்துவீச்சாளரையே பார்க்கிற மாதிரி நிற்கிற அந்த விசித்திரமான நிலை, ஆடுகளத்தில் பெயிலை வைத்துத் தட்டி, தான் நிற்கும் இடத்தைக் குறிக்கிற பழக்கம், விக்கெட்டுகள் சரிகிற பக்கத்தில் தனியாக மணிக்கணக்கில் நிற்பது. 164 டெஸ்ட், 30 சதம், 49 முறை ஆட்டமிழக்காமல் திரும்பியவர். 2015-ல் அணியில் அவருக்கு இடம் கிடைக்காமல் போனபோது அவர் எடுத்திருந்த மொத்த ரன் 11,867. மேற்கிந்தியத் தீவுகளுக்காக டெஸ்டில் அதிக ரன் எடுத்தவர் லாரா, 11,912. இடையில் இருந்தது 45 ரன்.