கூட்டாட்சி அதிகாரி சுட்டால் வழக்கு யார்மீது?

[திரையில்: எல் பாசோ – சியுடாட் ஹுவாரெஸ் எல்லை வரைபடம்]

2010 ஜூன் 7 அன்று, அமெரிக்காவின் எல் பாசோ நகரையும் மெக்சிகோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரையும் பிரிக்கும் சிமென்ட் கால்வாயில், அமெரிக்கப் பக்கம் நின்ற எல்லைக் காவல் அதிகாரி ஒருவர் சுட்டதில், மெக்சிகோ மண்ணில் இருந்த 15 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தான் என்றது குடும்பம். கல்லெறிந்தான் என்றது அதிகாரிகள் தரப்பு. எது உண்மை என்பதை ஜூரியின் முன் சாட்சிகளை நிறுத்தி விசாரிக்கும் கட்டத்தை அந்த வழக்கு எட்டவே இல்லை.

அமெரிக்க நீதித்துறை 2012இல் குற்றம் சாட்ட மறுத்தது. அதிகாரியைத் தன்னிடம் ஒப்படைக்குமாறு மெக்சிகோ கேட்டதற்கும் அமெரிக்கா இணங்கவில்லை. குடும்பத்துக்கு எஞ்சியது இழப்பீட்டு வழக்கு மட்டுமே.

[திரையில்: 1871, 1971]

மாநில அரசின் அல்லது நகரத்தின் காவலர் அரசியலமைப்பு உரிமையை மீறினால், அவர்மீதே வழக்குத் தொடர 1871ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கூட்டாட்சி அரசின் அதிகாரிகளுக்கு இணையான சட்டத்தை அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றவில்லை. அத்தகைய அதிகாரிமீதும் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம் என 1971இல் பிவென்ஸ் வழக்கில் தீர்ப்பளித்து, அந்தக் குறையை உச்ச நீதிமன்றமே ஓரளவு நிரப்பியது என்றாலும், 1980க்குப் பிறகு அத்தீர்ப்பைப் புதிய சூழல் எதற்கும் நீட்டிக்க அது ஒப்புக்கொள்ளவில்லை. சிறுவனின் வழக்கான ஹெர்னாண்டஸ் எதிர் மேசாவில், 2020 பிப்ரவரியில், வெளியுறவையும் தேசப் பாதுகாப்பையும் காரணம் காட்டி, 5-க்கு 4 என்ற கணக்கில் நீதிபதிகள் கோரிக்கையை நிராகரித்தனர்.

தோட்டா எல்லை தாண்டியதுதான் சிக்கல் என்று அப்போது நம்ப இடமிருந்தது. ஆனால் 2022இல், அமெரிக்க மண்ணிலேயே, ஓர் அமெரிக்கக் குடிமகன் தன்மீது எல்லைக் காவல் அதிகாரி அத்துமீறி பலப்பிரயோகம் செய்ததாகத் தொடுத்த எக்பர்ட் எதிர் பூல் வழக்கிலும் அதே கதவுதான் சாத்தப்பட்டது. முதல் தீர்ப்பில் சொல்லப்பட்ட வெளியுறவுக் காரணம் இதில் எங்கே பொருந்துகிறது என்று கேட்பது நியாயமே.

அதிகாரியை விட்டுவிட்டு அரசின் மீது வழக்குத் தொடர 1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. அதில் ஜூரி கிடையாது. தண்டனை நோக்கிலான இழப்பீடும் கிடையாது. வெளிநாட்டில் நேர்ந்த பாதிப்புக்கு அது பொருந்தாது என்பதால் இந்தக் குடும்பத்துக்கு அதனாலும் பயன் இல்லை.

[திரையில்: நொகாலஸ் எல்லை வேலி]

குற்றவியல் வழக்கு அரிது. 2012இல் அரிசோனாவின் நொகாலஸில் வேலிக்கு அப்பால் சுட்டு 16 வயதுச் சிறுவனைக் கொன்ற அதிகாரிமீது கூட்டாட்சி அரசே கொலைக் குற்றம் சாட்டியது. 2018இல் நடந்த இரு விசாரணைகளிலும் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகவில்லை.

மாநில அரசும் வழக்குத் தொடரலாம். எனினும் 1890ஆம் ஆண்டின் நீகிள் தீர்ப்பின்படி, கூட்டாட்சிச் சட்டம் அளித்த அதிகாரத்துக்கு உட்பட்டு, கடமைக்குத் தேவையானதை மட்டுமே செய்த அதிகாரியை மாநிலம் தண்டிக்க முடியாது; சுட்டது உண்மையிலேயே தேவைதானா என்பதே அங்கு முதல் கேள்வியாகிறது. சான்றுகள் கூட்டாட்சி அரசின் கையில் இருந்தால், அதற்கு விடை தேடும் மாநில வழக்கறிஞரின் பணி கடினமாகும். ஆனாலும் மாநிலக் குற்றத்துக்கு மன்னிப்பு வழங்க அதிபருக்கு அதிகாரம் இல்லை என்பதால், அவ்வழியில் கிடைக்கும் தண்டனையை வெள்ளை மாளிகை ரத்து செய்ய இயலாது.