கேமராவ மாத்தணுமா, எடிட்டிங் படிக்கணுமா? குழித்துறைத் தம்பியோட சந்தேகத்துக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு எடுத்திருக்குத சந்தேகம் குழித்துறையிலயிருந்து ஒரு தம்பி அனுப்பினது. கேள்வியை அப்படியே வாசிச்சிருதேன்.

"அண்ணே, எங்கிட்ட நிகான் டி5300 இருக்கு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. கூட வந்த 18-55 லென்ஸ்தான். போன ஞாயிற்றுக்கிழமை விடியக்காலம் கன்னியாகுமரிக்குப் போயி சூரிய உதயம் எடுத்தேன். பக்கத்துல நின்ன கூட்டுக்காரன் ஃபோன்ல எடுத்தது அவ்வளவு அழகா இருக்கு. என் படத்துல வானம் வெளிறிப் போச்சு, பாறையெல்லாம் கறுத்துக் கிடக்கு. நாப்பதாயிரம் ரூபா சேத்து வச்சிருக்கேன். பழைய ஃபுல் ஃபிரேம் ஒண்ணு வாங்கட்டா, இல்ல எடிட்டிங் படிச்சா போதுமா?"

தம்பி, முதல்ல பதிலைச் சொல்லிருதேன், பொறவு காரணத்துக்கு வாறேன். கேமராவ மாத்தாதீங்க, ஃபுல் ஃபிரேம்னு சொல்லுத பெரிய சென்சார் கேமரா வேண்டாம். சென்சார்னா வெளிச்சத்தைப் பதியுத சில்லு. உங்க கையில இருக்குதது நல்ல கேமரா. 24 மெகாபிக்சல். ரா ஃபைல், அதாவது சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்குத ஃபைல், 14 பிட். கோளாறு அதுல இல்ல.

உங்க கூட்டுக்காரன் ஃபோன் என்ன பண்ணிச்சுன்னு கேளுங்க. பட்டனை ஒரு தடவ அமுக்கினதும் அது ஒரு படம் எடுக்கல. கண்ணிமைக்குத நேரத்துக்குள்ள பல படத்தை எடுத்து, வானத்துக்கு ஒண்ணு, பாறைக்கு ஒண்ணுன்னு ஒட்டி, நெறத்தை ஏத்தி, கூர்மை பண்ணித்தான் கையில காட்டுது. நீங்க பாத்தது எடிட்டிங் முடிஞ்ச படம். கேமரா அப்படிச் செய்யாது. ஃபோன் சோத்தை வடிச்சு, கறி வச்சு, இலையில பரிமாறித் தருது. கேமரா அரிசியை அளந்து கையில தருது. ரெண்டையும் பக்கத்துல வச்சு ருசி பாத்தா அரிசி தோக்கத்தான் செய்யும்.

நல்லவேளையா நீங்க ரா பிளஸ் ஜேபெக்ல வச்சு எடுத்திருக்கீங்க, அதாவது ரா ஃபைலும் இருக்கு, கேமராவே சுருக்கித் தாற ஜேபெக் படமும் இருக்கு. உங்க ஃபைலைத்தான் இப்ப ஸ்கிரீன்ல தொறந்திருக்கேன், பாருங்க. கீழ விவரம் இருக்கு: ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, ஷட்டர் செகண்டுல 640ல ஒரு பங்கு. ஐஎஸ்ஓன்னா வெளிச்சத்தைக் கேமரா கூட்டிக் காட்டுத அளவு. எஃப்னா லென்ஸோட தொறப்பு, எண் குறையக் குறைய தொறப்பு பெருசு. ஐஎஸ்ஓ 800 எதுக்கு? முந்தின நாள் வீட்டுக்குள்ள எடுத்துட்டு மாத்தாம விட்டிருப்பீங்கன்னு நினைக்கேன். ஐஎஸ்ஓ ஏற ஏற, வெளிச்சத்தையும் இருட்டையும் ஒரே படத்துல அடக்குத சக்தி கேமராவுக்குக் குறையும். சூரியனை நேருக்கு நேர் எடுக்குதப்ப அந்த சக்திதான் நமக்கு முக்கியம். ஐஎஸ்ஓ 100ல, எஃப் 8ல, செகண்டுல 125ல ஒரு பங்கு வச்சிருந்தா இதே காட்சி ஒண்ணரை ஸ்டாப்புக்கு மேல வெளிச்சம் அடங்கி வந்திருக்கும். ஒரு ஸ்டாப் குறைஞ்சா வெளிச்சம் பாதின்னு அர்த்தம். வானத்துல அந்த ஆரஞ்சு நின்னிருக்கும்.

சரி, எடுத்தது எடுத்தாச்சு, இதுல எவ்வளவு மீட்கலாம்னு பாப்போம். முதல்ல ஒயிட் பேலன்ஸ். ஆட்டோல இருக்கு. ஆட்டோவோட வேலையே நெறக் கலப்பை எடுத்து வெள்ளையை வெள்ளையாக்குதது. விடியல்ல நமக்கு வேண்டியதே அந்தக் கலப்புதான், அதை அது துடைச்சிருது. டேலைட்டுக்கு மாத்துதேன், 5500 கெல்வின் பக்கம். பாருங்க, மேகத்தோட அடிப்பாகத்துல இளஞ்செவப்பு திரும்பி வந்திருச்சு. இனி ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான பாகத்தை, எழுபது வரை கீழ இறக்குதேன். ஷேடோவ, அதாவது நிழல் பாகத்தை, நாப்பது மேல ஏத்துதேன். இப்ப விவேகானந்தர் பாறைக்கு அடியில, அலை மோதுத இடத்தைப் பெருசாக்கிக் காட்டுதேன். ஜேபெக்ல இந்த இடம் வெறும் கறுப்பு. ராவுல கல்லோட வெடிப்பு தெரியுது, ஈரம் பட்ட பாகத்துக்கும் காஞ்ச பாகத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியுது. இதெல்லாம் உங்க கேமராதான் எடுத்து வச்சிருக்கு தம்பி. ஜேபெக்ல ஒரு நெறத்துக்கு 256 படிதான். 14 பிட் ராவுல 16,384 படி. அதனாலதான் இருட்டுக்குள்ள இருந்து இவ்வளவு எடுக்க முடியுது.

ஆனா சூரியனைச் சுத்தி இந்த வெள்ளை வட்டம் இருக்கு பாருங்க, இதை எவ்வளவு இறக்கினாலும் சாம்பல் நெறமாத்தான் ஆவுது. அங்க பதிவே இல்ல. நிழலைத் தூக்கலாம், வெளுத்துப் போனதை மீட்க முடியாது. இதுக்கு ஒரு வழி இருக்கு. கேமராவுல பிளேபேக் மெனுவுக்குப் போயி, பிளேபேக் டிஸ்பிளே ஆப்ஷன்ஸ்ல ஹைலைட்ஸ்னு இருக்குததை டிக் பண்ணி வையுங்க. படம் எடுத்ததும் வெளுத்துப் போன இடம் திரையில மின்னி மின்னிக் காட்டும். சூரியன் மட்டும் மின்னினா விட்டிருங்க. சுத்தி வானமும் மின்னினா எக்ஸ்போஷரைக் குறைச்சு உடனே இன்னொண்ணு எடுங்க.

உடனேன்னு ஏன் சொல்லுதேன்னா, நம்ம ஊர்ல சூரியன் காத்து நிக்காது. கன்னியாகுமரி எட்டு டிகிரி அட்சரேகையில இருக்கு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம், அதனால சூரியன் சாஞ்சு ஏறாம ஏறக்குறைய செங்குத்தா ஏறும். விளிம்பு தெரிஞ்சதுல இருந்து முழு வட்டமும் தண்ணிய விட்டு வெளிய வர ரெண்டு நிமிஷத்துக்கு மேல கொஞ்சம்தான். அந்த நேரத்துல மெனுவைத் தேடிட்டு நின்னா போச்சு. செட்டிங் எல்லாம் அரைமணிக்கூறு முன்னாலயே முடிஞ்சிருக்கணும். மே கடைசியில ஆறு மணியை ஒட்டி உதிக்கும், ஜனவரி கடைசியில ஆறே முக்கால் பக்கம் போயிரும். அதைப் பாத்து வீட்டிலயிருந்து கிளம்புங்க.

இனி அந்த நாப்பதாயிரம். சூரியன் பெருசா, வள்ளுவர் சிலைக்குப் பின்னால வரணும்னு எல்லாருக்கும் ஆசை இருக்கு. அதுக்கு ஃபுல் ஃபிரேம் உதவாது, நீளமான லென்ஸ்தான் உதவும். கணக்கு சொல்லுதேன் கேளுங்க. ஃபோக்கல் லெங்த்தை, அதாவது லென்ஸோட எம்எம் எண்ணை, 110ஆல வகுத்தா சென்சார்ல சூரியன் எத்தனை மில்லிமீட்டர்னு கிட்டும். உங்க லென்ஸை 55ல வச்சா அரை மில்லிமீட்டர், படத்தோட உயரத்துல முப்பதுல ஒரு பங்கு, ஒரு பொட்டு. 300ல வச்சா ஆறுல ஒரு பங்கு. அதே 300 லென்ஸை ஃபுல் ஃபிரேமுல மாட்டினா ஒம்பதுல ஒரு பங்குதான். இந்த விசயத்துல உங்க சின்ன சென்சார் உங்களுக்கு அனுகூலம்.

சிலை பீடத்தோட சேத்து 133 அடி. கரையில நின்னா சிலை பெருசு, சூரியன் சின்னது. நீங்க தள்ளிப் போகப் போக சிலை சிறுசாகும், சூரியன் அதே அளவுல இருக்கும். நாலு கிலோமீட்டரைத் தாண்டினாத்தான் ரெண்டும் ஒரே உயரமா நிக்கும். அதனால 70-300 லென்ஸை வாங்கி, சூரியன் எந்தத் திசையில ஏறும்னு ஆப்ல பாத்து, கால் வலிக்க நடந்து இடம் கண்டுபிடிச்சு எடுக்குத படம் இருக்கே, அதுக்கு ஒரு பெறுமானம் உண்டு. கரையில நின்னு எடுத்த படத்துல பெரிய சூரியனை வெட்டி ஒட்டி, உண்மையான படம்னு பகிருதது எனக்கு மனசுக்கு ஒப்பாத காரியம். ஒட்டினா ஒட்டினதுன்னு எழுதிருங்க.

ஒரு எச்சரிக்கை, இதை எல்லாரும் கவனிங்க. நீள லென்ஸ் மாட்டிட்டு வியூஃபைண்டர் வழியா சூரியனைப் பாக்கக் கூடாது. கண்ணு போயிரும். பின்பக்கத் திரையில, லைவ் வியூவுல பாருங்க. அதையும் சூரியன் ஏறி வெயில் காட்டமான பிறகு தொடர்ந்து வைக்காதீங்க.

ரெண்டாவது லென்ஸ், 35 எம்எம் எஃப் 1.8. டி5300க்குள்ள ஃபோக்கஸ் மோட்டார் கிடையாது. லென்ஸ் பேருல ஏஎஃப்-எஸ்னு இருக்கணும். பழைய ஏஎஃப்-டி லென்ஸ் விலை குறைச்சலா கிட்டுதேன்னு வாங்கினீங்கன்னா கையால திருகித்தான் ஃபோக்கஸ் பண்ணணும். பழசு வாங்கினா, லென்ஸோட ரெண்டு பக்க மூடியையும் தொறந்து, பின்னாலயிருந்து டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. சிலந்தி நூல் மாதிரி வெள்ளையா கிளை விட்டிருந்தா அது பூஞ்சை. வாங்காம கீழ வச்சிருங்க.

இந்த 35 எங்கன பிரயோஜனப்படும்? தோவாளைப் பூச்சந்தைக்கு விடியுறதுக்கு முன்னால போயிப் பாருங்க. உங்க 18-55 அந்த இடத்துல 4.5 பக்கம்தான் தொறக்கும். 1.8 அதைவிட ஆறு மடங்கு வெளிச்சத்தை உள்ள விடும். பிச்சிப்பூவ அளந்து போடுத கை, கிரேந்திப்பூ மூட்டையை அவிழ்க்குத அக்கா முகம், எல்லாம் ஃபிளாஷ் இல்லாம வரும். அங்க எல்இடி வெளிச்சத்துல படத்துக்குக் குறுக்க வரிவரியா கறுப்புப் பட்டை விழுதா? நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ். விளக்கு செகண்டுக்கு நூறு தடவை கூடிக் குறையும். ஷட்டரை 100ல ஒண்ணு, இல்லைன்னா 50ல ஒண்ணுன்னு வையுங்க, பட்டை போயிரும். 500, 1000னு வேகமா வச்சாத்தான் விழும்.

பாக்கி ரூபாயில இது பெரிய செலவு இல்ல, ஆனா இதை மட்டும் விட்டிராதீங்க: காத்துப் போகாத மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுத சின்ன மீட்டர். டப்பா பாத்திரக்கடையிலயே கிட்டும். ஈரப்பதம் 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில நிக்கணும். நமக்கு மழை ரெண்டு தடவ. ஆனி ஆடிச் சாரல் ஒண்ணு, ஐப்பசி கார்த்திகை அடைமழை ஒண்ணு. கூடவே கடல்காத்து. எங்கிட்ட ஒரு 50 எம்எம் லென்ஸ் இருந்தது, ஆசையா வாங்கினது. ஒரு சாரல் காலம் முழுக்க தோல் உறையில போட்டு அலமாரிக்குள்ள வச்சிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு எடுத்துப் பாத்தா முன் கண்ணாடிக்கு உள்ள பூஞ்சை வேர் விட்டிருக்கு. கழட்டிச் சுத்தம் பண்ணிக் கொடுத்தாங்க, ஆனா கண்ணாடி மேல பூச்சை அது அரிச்சிட்டுது. இன்னைக்கும் வெளிச்சத்துக்கு எதிரா எடுத்தா படம் மங்குது. தோல் உறை ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், அதுல லென்ஸை வச்சுப் பூட்டாதீங்க. அரிசிக்குள்ள போடுததும் வேண்டாம், தூசிதான் ஏறும்.

முட்டம், சங்குத்துறை, மணக்குடின்னு கடற்கரைக்குப் போயிட்டு வந்தா அன்னைக்கே துடைச்சிருங்க. நல்ல தண்ணியில துணியை நனைச்சு, சொட்டுத் தண்ணி இல்லாம இறுக்கிப் பிழிஞ்சு, பாடியைத் துடைச்சு, பொறவு காஞ்ச துணி. லென்ஸ் கண்ணாடியில முதல்ல புளோயரால காத்து அடிங்க. உப்பு காஞ்சு மணியா நிக்கும், சட்டைத் துணியால தேச்சா கீறிரும். டிரைபாட் காலை மணல்ல ஊன்றினா வீட்டுக்கு வந்து பூட்டுகளைத் தொறந்து கழுவணும். கடற்கரையில லென்ஸ் மாத்தவே செய்யாதீங்க.

மென்பொருள் எதுன்னு தனியா கேக்காம விட்டுட்டீங்க, ஆனா தேவைப்படும். நிகானோட என்எக்ஸ் ஸ்டுடியோ இலவசம், உங்க என்இஎஃப் ஃபைலை, அதாவது நிகானோட ரா ஃபைலை, நேரா தொறக்கும். அதுல தொடங்குங்க. டார்க்டேபிள், ராதெரபி ரெண்டும் இலவசம்தான், படிக்கக் கொஞ்ச நாள் ஆகும். லைட்ரூம் நல்லது, ஆனா மாசாமாசம் ரூபா கட்டணும்.

எடிட்டிங்ல ஒரே ஒரு விசயத்தைக் கேட்டுக்கிடுதேன். கடல்ல வலை இழுக்குதவங்க, பூ கெட்டுதவங்க, ரப்பர் வெட்டுதவங்க படத்தை எடுத்துட்டு முகத்தை வெளுக்காதீங்க, வழுவழுன்னு ஆக்காதீங்க. வெயில்ல கறுத்த தோலுக்குள்ள செம்பு மாதிரி ஒரு நெறம் இருக்கு. ஷேடோவ அளவுக்கு மேல தூக்கினா அந்த நெறம் செத்து சாம்பலாயிரும். பத்து, பதினஞ்சு ஏத்தினா போதும், கண்ணுல ஒளி தெரிஞ்சதும் நிறுத்திருங்க. சேச்சுரேஷனை, அதாவது நெற அடர்த்தியை, ஏத்தினா முகம் முதல்ல ஆரஞ்சாகும், அதையும் பாத்துக்கிடுங்க.

பிரிண்ட் போடுததுன்னா, உங்க 6000க்கு 4000 பிக்சல் படம் 12க்கு 18 இஞ்சுக்குத் தாராளமாக் காணும். எஸ்ஆர்ஜிபிங்குத பொதுவான நெற அமைப்புல ஜேபெக்கா எடுத்துக் கொடுங்க. மானிட்டர் வெளிச்சத்தைப் பாதியாக் குறைச்சு வச்சு ஒருக்கப் பாருங்க, இல்லைன்னா பிரிண்ட் இருட்டா வரும்.

வாற ஞாயிற்றுக்கிழமை ஐஎஸ்ஓ 100, டேலைட், ஹைலைட்ஸ் எச்சரிக்கை, இந்த மூணோட அதே இடத்துல, அதே 18-55ல எடுத்து ரா ஃபைலை அனுப்புங்க தம்பி. இப்ப பாத்ததையும் அதையும் பக்கத்துப் பக்கத்துல வச்சு அடுத்த வீடியோவுல தொறக்கேன். இனி அடுத்த கேள்வி, தக்கலையிலயிருந்து ஒரு அக்கா கேட்டது, பத்மநாபபுரம் அரண்மனைக்குள்ள அந்த மங்கலான வெளிச்சத்துல எப்படி எடுக்கதுன்னு.