டோனி ஓமாலியின் சாம்பல் தீவு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நவீன ஓவியத்தின் முன்னால் நின்று, "இதில் என்னதான் இருக்கிறது?" என்று கேட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் இந்த அரங்கிலும் சிலர் இருப்பீர்கள். அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. அதற்காகத்தான் இன்றைக்கு டோனி ஓமாலி என்ற அயர்லாந்து ஓவியரைப் பற்றிப் பேச வந்தேன்.

கில்கென்னி மாவட்டத்தில் கல்லன் என்ற சிற்றூரில் 1913-இல் பிறந்தவர். ஓவியப் பள்ளி எதிலும் முறையாகப் படித்ததில்லை. வங்கி எழுத்தர், ஊர் ஊராக மாற்றலாகிப் போன மனிதர். காசநோய் வந்து வேலைக்குப் போக முடியாமல் கிடந்தபோதுதான் முழுமூச்சாக வரையத் தொடங்கினார். 1960-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊருக்குக் குடிபோனார். ஓவியர்கள் நிறைந்த ஊர் அது. அப்போது அவருக்கு 46 வயது.

அங்கே வரைந்தவற்றில் பெரும்பாலும் பழுப்பு, சாம்பல், கறுப்பு. பீட்டர் லான்யன் என்ற ஓவிய நண்பர் 1964-இல் கிளைடர் என்ற இயந்திரமில்லா விமானம் விபத்துக்குள்ளாகி இறந்தபோது, "குளிர்காலத்தில் பருந்தும் அதன் இரையும்" என்று ஒரு படத்தை அவர் நினைவாக வரைந்தார். பருந்தின் அலகையும் கண்ணையும் தேடினால் ஏமாந்துபோவீர்கள். பாய்ச்சலின் வேகம்தான் அங்கே இருக்கிறது. இயேசு சிலுவையில் மாண்ட நாளான பெரிய வெள்ளிதோறும் ஒரு படைப்பு செய்கிற வழக்கமும் அவருக்கு இருந்தது. வீணாய்க் கிடந்த மரத்துண்டு, ஆணி, கூரான கருவியால் போட்ட கீறல். அயர்லாந்தின் கில்கூலி மடாலயத்தில் கல்லறை செதுக்கிய 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பி ரோரி ஓடன்னியின் கைவேலை அவர் மனதில் ஊறிக்கிடந்தது.

1973-இல் ஜேன் ஹாரிஸ் என்ற கனடா நாட்டு ஓவியரை மணந்தார். ஜேனின் உறவினர்கள் பஹாமாஸில் இருந்ததால் குளிர்காலங்களில் அங்கே போய் வந்தார்கள். படங்களில் மஞ்சளும் நீலமும் பொங்கின. "இருட்டில் இருந்தவர் வெயிலைக் கண்டார்" என்று கதையை இங்கேயே முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஏனென்றால் பிற்காலத்தில் அவர் லான்சரோட்டே என்ற தீவுக்கும் போனார். அங்கேயும் வெயில் உண்டு. ஆனால் தரை கறுப்பு.

கானரித் தீவுகளில் ஒன்று இது. ஆட்சி ஸ்பெயினுடையது, கிடப்பதோ ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டரில். 1730 செப்டம்பரில் எரிமலை வெடித்து, 1736 வரை விட்டுவிட்டுக் கக்கியது. நல்ல விளைநிலமெல்லாம் சாம்பலுக்கடியில் போனது. ஆண்டுக்குச் சுமார் 150 மில்லிமீட்டர்தான் மழை. வேறு யாராவது இருந்தால் ஊரைக் காலி செய்திருப்பார்கள். இந்தத் தீவின் குடியானவர்களோ சாம்பலைத் தோண்டி, அடியில் பழைய மண் தட்டுப்படும் வரை குழி பறித்து, ஒவ்வொன்றிலும் ஒரு திராட்சைக் கொடி நட்டார்கள். காற்று வரும் பக்கம் பிறை வடிவில், சுண்ணாம்புக் கலவை இல்லாமல் கல்லை அடுக்கிக் குட்டைச் சுவர். இரவில் இறங்கும் பனியைச் சாம்பல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பகலில் வேரடி ஈரம் காயவிடாது. லா ஹேரியா பள்ளத்தாக்கில் நின்றால் கறுப்புத் தரை நெடுக ஆயிரக்கணக்கான பிறைகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பச்சைப் புள்ளி.

இப்போது சொல்லுங்கள்: இதை அப்படியே, இம்மி பிசகாமல் வரைந்தாலும் பார்க்கிறவர் "புரியாத ஓவியம்" என்றுதானே சொல்வார்? அந்த நிலமே பாதி அரூபம், அதாவது இன்ன பொருள் என்று அடையாளம் காண முடியாத வடிவமும் நிறமும். தீவிலேயே பிறந்த செசார் மன்ரிகே என்ற கலைஞர், அடுக்குமாடி விடுதிகள் எழுந்து அந்தக் காட்சியை மறைத்துவிடாதபடி போராடியவர். அவருக்கு இந்த அருமை தெரிந்திருந்தது.

ஓமாலி வண்ணத்தின் மேல் வண்ணம் பூசி, மேல் பூச்சைக் கீறி, அடியிலுள்ள நிறத்தை வெளியே கொண்டுவருவார். சாம்பலைக் கிண்டி மண்ணை எட்டும் குடியானவனும் செய்வது அதுதான். பல ஆண்டுகளாகப் பலகையில் தாம் பழகிய வேலையை ஒரு தீவு முழுக்கச் செய்து வைத்திருப்பதை அவர் அங்கே கண்டார் என்பது என் வாசிப்பு. இதை ஏற்காதவர்கள் கேள்வி நேரத்தில் என்னோடு சண்டைக்கு வரலாம்.

1990-இல் மனைவியோடு கல்லன் பக்கமே திரும்பி, 2003-இல் மறையும் வரை தோட்டத்தையும் குளத்தையும் வரைந்துகொண்டிருந்தார். இனி அவருடைய படங்களைத் திரையில் காட்டுகிறேன். மலை எது, கடல் எது என்று உடனே தேட வேண்டாம். முதலில் கீறல்களைப் பாருங்கள். எந்த நிறத்தின் அடியிலிருந்து எந்த நிறம் எட்டிப்பார்க்கிறது என்று கவனியுங்கள்.